பூட்டுப் போட்ட தண்ணீர்

மலேசியாவின் கிள்ளானில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. படிக்கட்டின் கீழ்ச்சுவரில் போன வெள்ளம் விட்டுப்போன பழுப்புக் கோடு என் இடுப்பு உயரத்தில் இன்னும் இருக்கிறது. அதற்கு ஒரு சாண் மேலேதான் என் அட்டவணையை ஒட்டினேன்.

ஒரு பருவத்தில் வீட்டுக்குள் வந்து நிற்கிற தண்ணீர், அடுத்த பருவத்தில் குழாயில்கூட வருவதில்லை. இதைத்தான் பங்சாரில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க வரைபடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நீர்வள மேலாண்மை படித்தவள். படித்ததைச் செய்துகாட்ட ஒரு தட்டுப்பாடு வராதா என்று உள்ளுக்குள் ஏங்கியிருந்தேன் என்றே சொல்ல வேண்டும்.

வந்தது. மழையில்லாமல் ஆறு வற்றிக் கிடந்த நேரம் பார்த்து, மேலே எவனோ எதையோ கொட்டிவிட்டான். நாற்றம் போகும்வரை சுத்திகரிப்பு நிலையத்தை மூடிவிட்டார்கள். கடைகளில் போத்தல் தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்தது. முதல் நாள் தண்ணி லோரி வந்தபோது கையில் பலமிருந்தவர்கள் நிரப்பிக்கொண்டார்கள்; ஐந்தாம் மாடிக் கிழவர்கள் காலி வாளியோடு படியேறினார்கள். அன்று மாலையே அட்டவணை தயார். வீட்டுக்கு ஆறு வாளி. மேல்மாடி முதலில். தனியாக இருப்பவர்களுக்கு இளைஞர்கள் தூக்கிக் கொடுக்க வேண்டும். கீழே ஒரு பெரிய நீலப் பீப்பாய், தோங் என்போம், அது நிறைய அவசர இருப்பு. மூடிக்குப் பூட்டு, சாவி என்னிடம். அவசரம் என்றால் தீ, கைக்குழந்தை, நோயாளி. வேறெதுவும் இல்லை.

"நாலாம் மாடியில அந்த ஊர்க்காரனுங்க பதினோரு பேரு ஒரே வீட்ல இருக்கானுங்களே, அவனுங்களுக்கு எப்படி?" என்று கமிட்டி அங்கிள் கேட்டார்.

"வீட்டுக்கு ஆறுதான் அங்கிள். ஆளுக்கு இவ்வளவுன்னு ஆரம்பிச்சா, பந்திங்ல இருக்கிற சொந்தக்காரனையெல்லாம் எழுதிக் கொடுப்பாங்க."

"கெட்டிக்காரி லா நீ!"

அந்தப் பதினோரு பேரும் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்து பழைய இரும்புக் கிடங்கில் வேலை செய்பவர்கள். கிடங்குக் குழாயும் வறண்டுவிட்டதால் பகலில் வீட்டில் இருந்தார்கள். தண்ணீர் தூக்க அவர்களைத்தான் போட்டேன். முடியாது என்று சொல்லத் தெரியாதவர்கள். அவர்களில் ஒருவருக்கு முப்பது வயதிருக்கும். வாளியில் ஓர் எவர்சில்வர் தட்டை மிதக்கவிட்டுத் தூக்குவார். ஐந்து மாடிக்கும் ஒரு சொட்டுச் சிந்தாது. அதைப் படம் பிடித்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில்கூடப் போட்டேன்.

மூன்றாம் நாள் காலை, மூன்றாம் மாடி ஆன்டியின் வாளியோடு அவர் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. வாளியை அலுங்காமல் கீழே வைத்துவிட்டு எடுத்தார். நான் அட்டவணையில் டிக் போட்டுக்கொண்டிருந்தேன். பேசி முடித்ததும் வாளியைத் தூக்கிப் போய் ஆன்டி வீட்டில் வைத்துவிட்டுத்தான் என்னிடம் இறங்கி வந்தார்.

"மேடம், அம்மா தவறிட்டாங்க. நான் போக முடியாது, பாஸ்போர்ட் முதலாளிகிட்ட இருக்கு. மூணு மணிக்கு எடுத்துருவாங்க. போன்ல பாத்துட்டுத் தலைக்கு ஊத்திக்கணும். ரெண்டு வாளி போதும் மேடம்."

"உங்க வீட்டுத் தண்ணி?"

"சோத்துக்கும் கக்கூசுக்கும் தீந்துபோச்சு."

அவர் பார்வை தோங்கின் மேல் இருந்தது. என் கை சட்டைப்பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டது. ஒருவருக்குத் திறந்தால் மறுநாள் எல்லார் வீட்டிலும் ஒரு காரணம் பிறக்கும் என்று வேகமாக யோசித்தேன். என் மூளை அப்படித்தான், வேகமாக ஓடும்.

"வருத்தமாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ரூல்ல இது அவசரத்துல வராது."

வாளியோடு நின்றவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிள்தான் சொன்னார்: "ஊர்ல கெணறு வத்திதானே இங்க வந்தீங்க. பழகியிருக்குமே லா!"

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரிதாக இல்லை. ஆனால் தண்ணீர் கேட்டவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு நாலாம் மாடிப் படியில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். அதற்குப் பிறகு வீட்டுக்குள் போகவில்லை. குளிக்காமல் உள்ளே போகக்கூடாது, சாப்பிடக்கூடாது என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிவிட்டார். மறுநாள் காலையிலும் அதே படியில் இருந்தார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் புடவையையும் வாளியையும் ஒதுக்கிக்கொண்டு போனார்கள்.

லோரி வந்ததும் எழுந்து வந்து ஆன்டியின் வாளியைத் தொட்டார்.

"ஐயோ, தொடாதே!" ஆன்டி மேலேயிருந்து கத்தினார். "சாவுத் தீட்டு. சாமி வெளக்கு ஏத்துற வீடு இது. தங்கச்சி, வேற ஆள அனுப்பு லா."

நான் வேறு ஆளை அனுப்பினேன். அவர்கள் வீட்டு ஆறு வாளியும் அன்றைக்கும் சோற்றுக்கும் கக்கூசுக்குமே போயிற்று. அட்டவணையில் அவர் பெயரை அடித்தேன். தூக்க ஓர் ஆள் குறைந்துவிட்டதே என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

அன்று நான்கு மணிக்குக் கீழ்மாடிக் குழாய்கள் கர்ரென்று இருமின. விசில், கைதட்டல், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் மேல் கட்டைவிரல். மேல்மாடிகளுக்கு ஏற மறுநாள் ஆகும். அதுவரை தூக்கத்தான் வேண்டும். முதலில் வருவது சேறு, கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள் என்று செய்தி போட்டேன்.

பிறகு தோங்கைத் திறந்தேன். தேங்கிய தண்ணீரில் கொசு முட்டை வைத்தால் டிங்கிக் காய்ச்சல். புதிதாக நிரப்புமுன் கழுவியாக வேண்டும். அங்கிளும் நானும் அதைச் சாய்த்தோம். மூன்று நாளாக யாரும் தொடாத தண்ணீர், அடி தெரியும் அளவுக்குத் தெளிந்து கிடந்தது. சிமெண்டுத் தரையில் பரவி, படிக்கட்டின் கீழ்ப்படிவரை போய், அங்கே நின்றிருந்த ஒரு ஜோடி செருப்பைச் சுற்றிக்கொண்டு கால்வாய்க்குத் திரும்பியது.

அவர் கையில் காலி வாளி இருந்தது. உள்ளே அந்தத் தட்டு. எப்போது இறங்கி வந்தார் என்று தெரியவில்லை.

யாரையும் எதுவும் கேட்கவில்லை. பொதுக்குழாயில் போய் வாளியை வைத்தார். தேத்தண்ணி நிறத்தில் ஊற்றியது.

"சேறு அது! கொஞ்சம் பொறு, நல்ல தண்ணி வரும்," என்றார் அங்கிள். இப்போது அங்கிள் குரலில் அக்கறை இருந்தது.

வாளி வைத்தவர் பொறுக்கவில்லை. சட்டையோடு நின்று தலையில் ஊற்றினார். ஒன்று. இரண்டு. கேட்டது இரண்டு வாளிதான்; அதற்கு மேல் எடுக்கவில்லை. காதோரமும் புருவத்திலும் மண் கோடாக இறங்கியது. வாளியைக் கழுவினார், தட்டைக் கழுவினார். அதற்குள் தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. நிரப்பித் தட்டை மிதக்கவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"எந்த வீட்டுக்கு மேடம்?"

அட்டவணையைப் பார்த்தேன். பார்க்கத் தேவையில்லை, எனக்கு மனப்பாடம்.

"மூணாம் மாடி. ஆன்டி வீடு."

ஏறினார். சொட்டச் சொட்ட ஈரம் படிதோறும் விழுந்தது. எல்லாம் அவர் உடம்பிலிருந்து; வாளியிலிருந்து ஒன்றுமில்லை. மேலே கதவு திறக்கும் சத்தமும், பின்னாலேயே ஆன்டியின் குரலும் கேட்டன.

"குளிச்சிட்டல்ல? சரி, உள்ள வை."