பிளக்குக்கு வைத்த பொட்டு

கர்ர்ர்... கர்ர்ர்... புஸ்.

டிரைவர் காதர் பாய் காருக்கு முன்னால் குனிந்து ஹேண்டில் சுற்றிய அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சுதந்திரம் வந்த புதுசு. திருத்தணி மலையடிவாரத்தில் எங்கள் வாடகைக் கார் கிளம்ப மாட்டேன் என்று நின்றது.

பின் சீட்டில் நான், அத்தை, நடுவில் சரோஜா அக்கா. மெட்ராஸில் நர்ஸ் படிப்புக்கு அக்காவுக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு. அரக்கோணத்தில் ரயிலைப் பிடித்தால்தான் உண்டு.

நைனாவை, அதாவது எங்கள் அப்பாவை, சம்மதிக்க வைக்க அக்கா படாத பாடு பட்டாள். "ஊர் பேர் தெரியாதவனுக்கெல்லாம் பீ மூத்திரம் அள்றதா நம்ம பொண்ணு?" என்று அத்தை வேறு ஓதிக்கொண்டே இருந்தாள்.

எங்கள் ஊர் கே.ஜி.கண்டிகையிலிருந்து கார் நன்றாகத்தான் வந்தது. அடிவாரத்தில் நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். பாய் டீ குடிக்கப் போனார். நைனா சந்தனக் கிண்ணத்தோடு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பாய் திரும்பி வந்து ஹேண்டில் போட்டால்... ம்ஹூம்.

பெட்ரோல் வருகிறதா பார்த்தார். வந்தது. பெட்ரோலைப் பற்றவைக்கிற பிளக்குகளுக்குக் கரண்டு கொண்டுபோகும் வயரைக் கழற்றி, இஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நைனாவை ஹேண்டில் சுற்றச் சொன்னார். நீலமாகப் பொறி பறந்தது.

"கரண்டு நல்லாத்தாங்க வருது. இன்னாத்துக்கு இப்டி அடம் புடிச்சிகினு நிக்குது?"

அத்தைக்கு அது போதாதா! "பாத்தியா தம்பி? கெளம்பறப்பவே தடங்கல். முருகனே வாணான்றான். வூட்டுக்குத் திருப்பு."

நைனா மலையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அக்காவின் டிரங்குப் பெட்டியைக் காரிலிருந்து கீழே இறக்கினார். அக்கா என் கையை நசுக்கினாள்.

"இது இன்னாங்க இது?" என்றார் பாய், இஞ்சினுக்குள் தலையை விட்டபடி.

வரிசையாக நாலு பிளக். ஒவ்வொன்றின் வெள்ளைப் பீங்கானிலும் கொழகொழவென்று ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம்! பாய் டீக்குப் போன நேரத்தில் நைனா பானெட்டைத் திறந்து பார்த்த வேலை. பிளக்குக்குள் போய்ப் பொறி விட வேண்டிய கரண்டு, அந்த ஈரத்தின் வழியாக இரும்பில் இறங்கிவிட்டது.

நைனாவின் முகம் சுண்டிப்போனது. "எம்பொண்ணு பத்திரமா போய்ச் சேரணும்னுதான் வெச்சேன் பாய்..."

பாய் சிரிக்கவில்லை. காய்ந்த துணியால் பீங்கானையெல்லாம் துடைத்தார். சந்தனக் கிண்ணத்தை எடுத்து நைனாவிடமே நீட்டி, ரேடியேட்டரைக் காட்டினார்.

"வண்டிக்கு நெத்தி இங்க கீதுங்க. இங்க வையுங்க, ஓடும்."

ஒரே சுற்று... கார் உறுமியது! நைனா டிரங்குப் பெட்டியைத் தூக்கி மறுபடி ஏற்றினார். அரக்கோணம் வரைக்கும் அத்தை வாயே திறக்கவில்லை, அதுதான் பெரிய அதிசயம்.

ரயில் நகரும்போது நைனா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

"தோ பாரு சரோஜா... யார் கூப்ட்டாலும் பாதியில திரும்பாத. நானே கூப்ட்டாலும் வராத."

அக்கா வரவில்லை. படிப்பை முடித்து, நர்ஸாகத்தான் வந்தாள்.

போன மாதம் என் பேத்தி வேலைக்கென்று புனே கிளம்பினாள். போனைத் தட்டியதும் கார் வந்தது. டிரைவர் பட்டனை அமுக்கினார், சத்தமே இல்லாமல் போய்விட்டது. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது எனக்கு.

நைனா சொன்னதை நானும் அவளிடம் சொல்லியிருக்கலாம்... எங்கே? தினமும் சாயங்காலம் போன் போட்டு, "எப்போடி வருவே?" என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.