பதினோரு ஒன்றுகள்

என் வீட்டுக்காரர் ஹார்பரில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து கிரேன் இறக்கும் ஒவ்வொரு தூக்குக்கும் தாளில் ஒரு கோடு போடவேண்டும், அதுதான் வேலை. வருஷம் அறுபத்தெட்டோ ஒன்பதோ, ஒரு பகலில் பதினொன்றாவது கோட்டைப் போட்டபோது இருமி ரத்தம் கக்கினார். காசநோய். அதோடு வேலைக்குப் போகமுடியாமல் ஆயிற்று. அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார்.

ராயபுரத்தில் எங்களுக்கு ஒற்றை அறை. படுத்தபடி அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது ஓர் எண்ணாகத் தெரிந்துவிட்டது. பதினோரு ஒன்று, வரிசையாக. ஆயிரத்து நூற்றுப் பதினோரு கோடிக்கும் மேல். மூன்றால் வகுத்தார், போகவில்லை. ஏழு, பதினொன்று, பதின்மூன்று, எதால் வகுத்தாலும் மீதி விழுந்தது.

"இத்த எதாலயும் பங்கு போட முடியாதுமே. நான் நிரூபிச்சுக் காட்றேன்" என்றார்.

அதற்கு ஒரு லட்சத்து ஐயாயிரத்துச் சொச்சம் வரை வகுத்துப் பார்த்தால் போதுமாம். அதற்கு மேல் ஒன்று வகுக்குமென்றால் அதன் ஜோடி கீழேயே அகப்பட்டிருக்குமாம். போதுமாம், கேட்டீர்களா! இரட்டைப்படையையும் மூன்று, ஐந்தின் மடங்குகளையும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டே போனார். ஒவ்வொரு கணக்கையும் ஹார்பர் பழக்கப்படி ஒன்பது தள்ளிச் சரிபார்ப்பார். இலக்கங்களைக் கூட்டி, ஒன்பதுகளைக் கழித்து, இரண்டு பக்கமும் ஒரே மீதி நின்றால் சரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் திருவொற்றியூரில் ஒரு பேக்டரியில் நாளெல்லாம் நின்று டப்பா ஒட்டிவிட்டு வருவேன். ஐயா பதினைந்தாயிரத்தில் இருப்பார். தினமும் ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முக்கால்வாசி நாள் போகமாட்டார். கேட்டால், கையிலிருக்கும் வகுத்தல் முடியட்டும் என்பார்.

மழையில் கூரை ஒழுகி ஒரு நோட்டு நனைந்தது. அதைப் பார்த்துப் புதிதாக எழுதித் தரச் சொன்னார். நானும் பத்தாவது வரை படித்தவள்தான். 21649-ஆல் வகுத்த பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. ஒரு கழித்தலில் 5174 வரவேண்டும். 5147 என்று மாற்றி எழுதியிருந்தார். இலக்கம் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாதே, ஒன்பது தள்ளினால் எப்படிப் பிடிபடும்? திருத்திப் போட்டேன். மீதி பூஜ்யம். 21649-ஐ 513239-ஆல் பெருக்கினேன். பதினோரு ஒன்றும் வந்து நின்றது. அவர் அந்தப் பக்கத்தைத் தாண்டி நாலு மாதம் ஆகியிருந்தது.

நான் சொல்லவில்லை. அவர் தப்பை அப்படியே எழுதி வைத்தேன். அவரை எழுந்து உட்காரவைப்பது அது ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும்.

தீபாவளி போய்க் கொஞ்ச நாள் கழித்து ஒருநாள் வேலை விட்டு வருகிறேன். கஞ்சி தொடாமல் கிடக்கிறது. ஒரு வாரமாக மனுஷன் ஊசிக்கே போகவில்லை என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி. என் நாக்கில் சனி. இந்தப் பீடை ஒழிந்தாலாவது ஊசிக்குப் போவார் என்ற நப்பாசையும்தான்.

"அது எப்பவோ வகுபட்டுப் பூட்ச்சுய்யா. நீ போட்டது தப்பு" என்று சொல்லி, சரியான கணக்கை எழுதி அவர் மடியில் போட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். நான் போட்டதுதான் கரீட்டு என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். தீபாவளிக்கு முன்பே என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு ஊசிக்குக் கூப்பிட்டேன்.

"இன்னாத்துக்குமே?" என்றார்.

எனக்காக என்று சொல்லியிருக்கலாம். அத்தனை நாள் திட்டிய வாய்க்கு அது வரவில்லை. அதன்பின் அவர் பென்சிலைத் தொடவில்லை, கஞ்சியையும்தான். இருபது நாள் தாங்கவில்லை.

சாவுக்குக் காரணம் காசநோய் என்று டாக்டர் எழுதினார். நான் கீழே கையெழுத்துப் போட்டேன்.