என் பெயரில் வந்த டவர்

சித்தப்பாவின் குரலை நினைத்தால் அதற்குப் பின்னால் படகுத்துறைக் கூச்சலும் சேர்ந்தே கேட்கிறது. மலைமேல், தேவனூர் நாட்டில் எங்கள் சிற்றூரில் அப்போது போனுக்கு சிக்னல் கிடையாது. என்னோடு பேச வேண்டுமென்றால் அவர் மிளகுக்கொடி வேலையை அப்படியே விட்டுவிட்டு, பைக்கில் வாசலூர்பட்டி ஏரிக்கு வருவார். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றால்தான் அவருடைய போனுக்கு உயிர் வரும். சுற்றுலா வந்த குழந்தைகள் பெடல் படகுக்கு அடம்பிடித்துக்கொண்டிருக்க, அவர்களுக்கும் மேலே சத்தம் போட்டு, வீட்டில் மாடு கன்று போட்டது முதல் கிழங்கு விலை வரைக்கும் சொல்லுவார். நான் சிங்கப்பூரில், அலுவலக மேஜையில் உட்கார்ந்து, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்பேன்.

பல நாடுகளில் விற்கும் ஓர் ஆங்கில நாளிதழில் நான் தொழில்நுட்பச் செய்திகளுக்கு ஆசிரியர். பெயர்தான் பெரிது. மற்றவர்கள் எழுதியதைச் சுருக்குவதும், தலைப்பு வைப்பதும், தப்பு வந்தால் திட்டு வாங்குவதும்தான் வேலை. பக்கத்தில் என் பெயர் எங்கேயும் வராது. இதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. "ஆசிரியருன்னா பேப்பரே உன்னுதுதான கண்ணு" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். அவர் கொஞ்சம் வாய்ச்சவடால் பேர்வழி. மரவள்ளிக் கிழங்கு நல்ல விலைக்குப் போனால், வியாபாரி தன் காலில் விழாத குறை என்பார். ஊரில் அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் காதில் வாங்குவார்கள். எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். ஆனாலும் வேலை நேரத்தில் அவர் அழைத்தால், பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் மதியம், செயற்கைக்கோளோடு நேரடியாகப் பேசும் புதுவகைப் போனைப் பற்றிய கட்டுரையில் தலையை விட்டுக்கொண்டிருந்தபோது அவர் அழைத்தார். குரலில் வழக்கமான சத்தம் இல்லை. சித்திக்கு வெகுகாலமாக மூச்சிரைப்பு உண்டு. அன்று காலை மழையில் அது முற்றிவிட்டிருக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரே வழி, சித்தியை வீட்டில் தனியாக விட்டுவிட்டு ஏரிக்கு ஓடிவருவது. "உட்டுட்டு வந்தேன் கண்ணு. திரும்பிப் போறப்ப உசுரோட இருப்பாளா இருக்க மாட்டாளான்னு நெனச்சுக்கிட்டே வண்டிய ஓட்டுனேன்" என்றார். சித்தி பிழைத்துக்கொண்டார். அடுத்த மழைக்கு என்ன ஆகும் என்பதுதான் சித்தப்பாவின் பயம்.

"நம்மூருக்கு ஒரு டவர் வேணும்னு உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு மெயில் போடு கண்ணு. பேப்பர் பேரப் பாத்தா எந்திரிச்சு நிப்பாங்க."

நாளிதழின் பெயரைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது எங்கள் விதி. அதைச் சொன்னேன். சரி, அப்படியானால் பேப்பரில் எழுது என்றார். "ஒரு மலைல டவர் இல்லைங்கிறது எங்க பேப்பருக்குச் செய்தி இல்லீங்க சித்தப்பா. புதுசா ஏதாவது வந்தாத்தான் செய்தி" என்றேன். எங்கள் தொழிலில் அது பாலபாடம். வந்ததை எழுதுவோம். நெடுநாளாக வராமலே இருப்பதை எழுத மாட்டோம். "அதுஞ் சரிதான். உங்க ஆபீஸ் சட்டம் உங்களுக்கு" என்று வைத்துவிட்டார்.

விதி சரியான விதிதான், இன்றைக்கும் அதை மீற மாட்டேன். ஆனால் அதைச் சொல்லி முடித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் கூசுகிறது. பேப்பரின் பெயரில்லாமல், அந்த ஊரில் பிறந்தவளாக ஒரு மனு எழுதிப் போட்டிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. நான் செயற்கைக்கோள் கட்டுரைக்குத் திரும்பி, நல்ல தலைப்பு ஒன்று வைத்தேன்.

பிறகு அவர் டவர் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. திடீரென்று ஒருநாள் ஊரிலிருந்து ஒரு படம் வந்தது. பெரிய ஃப்ளெக்ஸ் பேனர். அதில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்த என் புகைப்படம், முகத்தைவிடக் காது பெரிதாகத் தெரியும்படி. கீழே, ஊருக்கு டவர் கொண்டுவந்த எங்கள் மகளுக்குப் பாராட்டு விழா என்று எழுதியிருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். விடுப்பு எடுத்துக்கொண்டு போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, டவர் நிஜமாகவே வந்திருந்தது.

விழா பள்ளிக்கூட மைதானத்தில். மலைக்குக் கீழே, தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார், சாதுவான மனிதர். மேடைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டே சிரித்தார். "உங்க சித்தப்பா வாரா வாரம் ஆபீசுக்கு வந்துருவாருங்க. அண்ணன் மக பேப்பர்ல எழுதப் போகுதுன்னு ஒரு பக்கத்தைக் கையோட கொண்டுவந்து காட்டுவாரு. படிச்சுப் பாத்தா, ஏதோ இயர்போன் காதுல வலிக்குதா இல்லையான்னு எழுதியிருந்துச்சு. நான் ஒண்ணும் சொல்லிக்கலை. மனுசன் மழை வெயில் பாக்காம வந்து நிக்கறாரேன்னுதான் ஃபைலை நகர்த்துனோம். இடம் பாக்க வந்தவங்களை ஒத்தையடிப் பாதையிலயெல்லாம் கூட்டிட்டுப் போனதும் அவர்தான்" என்றார். நான் எப்போதோ ஊருக்கு வந்தபோது டம்ளர் சுற்றிக் கொண்டுவந்த எங்கள் பேப்பர் தாள் அது. சித்தப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

பேப்பரில் ஒரு தவறு வந்தால் மறுநாளே திருத்தம் போடுவோம். அதில் யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. மேடையில் ஏறி நடந்ததைச் சொல்லிவிடுவதென்று தீர்மானித்தேன். சித்தப்பா அதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். வகுப்பறைக்குப் பின்னால் என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"நீ எழுதலைன்னு மட்டும் மைக்குல சொல்லிராத சாமி. உன் பேரச் சொல்லித்தான் ஊருக்குள்ள அத்தன பேரையும் மனுவுல கையெழுத்துப் போட வெச்சேன். இப்பப் போயி அது பொய்யின்னா, நாளைக்கு ஒருத்தன் எம் பேச்சைக் கேப்பானா?"

"அலஞ்சது நீங்கதானுங்களே சித்தப்பா."

"நா அலஞ்சா ஆரு நம்புவா? உன்னைய நம்புனாங்க. அது போதும், உடு."

வாழ்நாளெல்லாம் பாதியைக் கழித்துக் கேட்ட ஊர், அவர் சொன்ன ஒன்றைக் கழிக்காமல் நம்பியிருந்தது. அந்த ஒன்று பொய். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். மேடையில் எல்லோருக்கும் நன்றி என்று மட்டும் சொன்னேன். பொன்னாடை போர்த்தினார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவர் அவர்தான். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவள் போல நான் நின்றுகொண்டிருந்தேன். யாரும் பிடிக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

போன ஐப்பசியில் சித்தப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. சித்தி வீட்டுக்குள்ளிருந்தே போன் செய்ய, வண்டி வந்துவிட்டது. மலையிறங்கும் வளைவுகளில் போய்க்கொண்டிருக்கும்போதே உயிர் போய்விட்டது. மறுநாள் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் காட்டுக்காரர், வயதானவர், என்னருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"டவர் இருந்ததுனால வண்டி உடனே வந்துச்சுங்க, உங்களுக்கும் சேதி சொல்ல முடிஞ்சுது. எல்லாம் நீங்க வாங்கிக் குடுத்தது. பாவம், உங்க சித்தப்பனுக்கு வாய்தானுங்க. காரியமுன்னு அவரால ஒண்ணும் ஆனதில்லை."

இனிமேல் சித்தப்பா பொய்யனாக யார் முன்னாலும் நிற்க வேண்டியதில்லை என்று தோன்றியது. "இல்லீங்க. நான் ஒரு வரிகூட எழுதலை. என்னைக் கேட்டார், நான் முடியாதுன்னுட்டேன். டவர் வாங்குனது அவர்தானுங்க" என்றேன். ஒன்றையும் மறைக்கவில்லை. அதிகாரி சொன்னதையும், இயர்போன் தாளையும், மேடையில் நான் வாயை மூடிக்கொண்டதையும், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பெரியவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, இருக்கற பேரையெல்லாம் இந்தப் புள்ள செத்தவருக்கே குடுத்துருச்சு. என்ன இருந்தாலும் பெரிய மனசு" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தார்.

"நெசமோ பொய்யோ, இத அவரு இருந்து கேட்டிருக்கோணும் கண்ணு" என்றார்.