ஒற்றைக் கண்ணுக்கு ஒரு ரோடு

அந்தப் பழைய லாரி டிரைவர் சட்டைப் பையிலிருந்து அட்டைத் துண்டை எடுத்து, கடையின் கண்ணாடி மேசைமேல் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். பிஸ்கட் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டை. தன் பழைய கம்ப்யூட்டருக்குள் எவ்வளவு நீளக் கார்டு போகும் என்று டேப் பிடித்து அளந்து அவரே வெட்டியது. மூன்று வாரமாக இந்த அட்டையோடுதான் கடை கடையாக ஏறி இறங்குகிறார். கார்டு ஒரு விரல்கடை நீண்டிருந்தால் போதும், "இடிக்கும், வேணாம்" என்று எழுந்துவிடுவார்.

லாரி ஷெட்டில் அவருக்கு ‘ஏர்பிரேக்’ என்று பெயர். எங்கே உட்கார்ந்தாலும் லாரி பிரேக் மாதிரி பல்லிடுக்கில் "ஸ்ஸ்ஸ்" என்று காற்றை விட்டுவிட்டுத்தான் உட்காருவார். இருபத்தெட்டு வருடம் பதினாறு சக்கர வண்டி ஓட்டிய உடம்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் இடது கண்ணில் பார்வை போயிற்று. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது என்று டாக்டர் எழுதிக் கொடுக்க, கனரக லைசென்ஸும் கூடவே போயிற்று. முதலாளி நல்ல மனிதர், கைவிடவில்லை. ஷெட் கேட்டைத் திறந்து மூடும் வேலையைக் கொடுத்தார். கேட்டில் நின்றுகொண்டு சத்தத்தை வைத்தே, "மூணாவது கியர்ல எடுக்கிறான் பாரு, ரெண்டாவது போடவேண்டிய இடம்" என்று முணுமுணுப்பார். லோடு ஏற்றிய வண்டி வெளியே போய் மறையும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நமக்குச் சோறு இறங்காது.

வெளியூரில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் லீவில் வந்தபோதுதான் இந்தக் கூத்து ஆரம்பித்தது. ஷெட் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. மகள் அதில் லாரி ஓட்டும் கேம் ஒன்றை ஏற்றி, மேசை விளிம்பில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கையும் மாட்டிவிட்டுப் போனாள். "இதெல்லாம் பிள்ளைங்க சமாச்சாரம்" என்று ஒதுக்கியவர், மூன்றாம் நாள் ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து பார்ப்பவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்கிறார்: "கம்ப்யூட்டர் திரை தட்டையானது. அதுல ரெண்டு கண்ணு இருக்கிறவனுக்கும் தூரம் தெரியாது. அங்க எல்லாரும் ஒத்தக் கண்ணந்தான்!"

ஆனால் கம்ப்யூட்டர் கிழடு. வண்டி வேகமெடுத்தால் படம் நின்று நின்று நகரும். "ரோடு விக்குது" என்பார். திரையில் படத்தை ஓட்டும் கிராபிக்ஸ் கார்டை மாற்றினால் விக்கல் நிற்கும் என்று மகள் போனில் சொன்னாள். புதுக் கம்ப்யூட்டர் என்பது அந்த வீட்டில் நடக்கிற காரியமில்லை. இந்தப் பெட்டியில் ஓடினால் உண்டு. இல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் அவருக்கு இனி ரோடு கிடையாது. அவர் அப்படித்தான் நினைத்தார்.

ஐந்தாவது கடையில் பழுது பார்க்கும் பெண் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீளம் இருக்கட்டும்ணே. உங்க பெட்டில பவர் சப்ளை எத்தனை வாட்டு?"

"இருநூத்தி நாப்பது."

"அப்ப இந்தப் பெரிய கார்டை அது தாங்காது. இதுக்குத் தனியா கரண்ட் ஒயர் வேற வேணும். போர்டுலயிருந்தே கரண்ட் எடுத்துக்கிற சின்ன கார்டுதான் உங்களுக்குச் சரி."

"புரியுது தங்கச்சி. பத்து டன் வண்டில இருபது டன் ஏத்தினா, இறக்கத்துல பிரேக் பிடிக்காது."

வாய் இப்படிச் சொன்னதே தவிர, இருக்கிற ஒரு கண்ணும் இரட்டை விசிறி வைத்த பெரிய கார்டைவிட்டு நகரவில்லை. பெருமூச்சு விட்டுவிட்டுச் சின்னதை எடுத்துக்கொண்டார். அட்டையோடு வைத்துப் பார்த்தால் நீளம் அச்சு அசலாகப் பொருந்தியது.

வீட்டில் கார்டைச் செருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைப் போட்டால் மூட மாட்டேன் என்கிறது. மெலிசான ஆபீஸ் பெட்டி அது. கார்டு தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அட்டையில் உயரத்தை அவர் குறிக்கவே இல்லை. இருபத்தெட்டு வருடத்தில் ஒரு பாலத்தில்கூட லோடை உரசாத மனிதர்!

"பாலத்துல இடிச்சிட்டேனே" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

மனைவி எட்டிப் பார்த்தார். "அத்தனை வருஷம் ரோட்டுலயே கிடந்தீங்க. இப்பவாவது வீட்டோட இருப்பீங்கன்னு பார்த்தா, வீட்டுக்குள்ளயே ரோடு போடுறீங்க." சொல்லிவிட்டு, கார்டு வந்த டப்பாவைக் கசங்காமல் எடுத்து அவர் கையில் கொடுத்தார். "போய் மாத்திட்டு வாங்க. முகத்தைப் பார்க்கச் சகிக்கல."

மறுநாள் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தாள். புதுக் கார்டின் உயரம் பாதிதான். மூடி சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. திரையில் மலைப்பாதை விக்கல் இல்லாமல் விரிந்தது. முழு லோடு. இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறிக்கொண்டிருந்தார். மனைவி காபி டம்ளரோடு கதவோரம் வந்தவர், கூப்பிடாமல் நின்றார். மேலே வளைவு முடிந்து ரோடு நேரானது. எதிரே ஒரு வண்டியும் இல்லை. அவர் கண் திரை ஓரத்துக் கண்ணாடிக்குப் போனது. பின்னால் ஒரு சின்ன கார், முந்த வழியில்லாமல் ஒட்டிக்கொண்டே வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை எடுத்தார். மேசையைத் தாண்டி, அறையின் வெறும் காற்றில் நீட்டி, "நீ போ, போ" என்று இரண்டு முறை முன்னால் வீசிக் காட்டினார்.