பூட்டிய வீட்டின் பதினோரு வாக்காளர்கள்

அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. பத்தொன்பது வருடமாகக் குடிநீர் மீட்டர் பார்க்கிற வேலை. மூடியைத் திறந்து, கண்ணாடியில் படிந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்து, எண்ணை அட்டையில் எழுதி, வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்குவாள். எந்த வீட்டில் விருந்தாளி, எந்த வீட்டில் புருஷன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான் என்று அந்த எண்ணே அவளுக்குச் சொல்லிவிடும்.

புருஷனை இழந்தபின் தன் அக்கா வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தாள். அக்காவும் அத்தானும் கீழே இருந்தார்கள். அந்த வார்டில் ஒரு வேட்பாளருக்கு வலது கை அத்தான்.

வரைவு வாக்காளர் பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் தொங்கவிட்ட அன்று, தன் பெயர் இருக்கிறதா என்று பார்க்கப் போனாள். இருந்தது. விரல் கொஞ்சம் கீழே இறங்கியபோது நின்றுவிட்டது. பச்சைக் கேட் வீட்டு இலக்கத்தில் பதினோரு பெயர்கள்.

அந்த வீடு பூட்டி மூன்று வருடம். மீட்டர் நானூற்றுப் பதினேழிலேயே நிற்கிறது.

"பதினோரு பேரு, ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம இருக்காங்களா?" என்று எழுத்தரிடம் கேட்டாள்.

எழுத்தர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆட்சேபணை மனு போடலாம். ஆனா போட்டவங்க பேரையும் இதே போர்டுல ஒட்டுவோம். யோசிச்சுக்கங்கம்மா."

போன தேர்தலில் அந்த வார்டு ஒன்பது ஓட்டில் கைமாறியது. அவள் அதிகம் யோசிக்கவில்லை. அலுவலகத்தின் மீட்டர் அட்டையைத் தானே தூக்கிக் காட்டினால் வேலை போய்விடும் என்பதால், தகவல் கேட்டு முறைப்படி விண்ணப்பித்து, பச்சைக் கேட் மீட்டர் கணக்கை முத்திரையோடு வாங்கி மனுவில் இணைத்தாள்.

அவள் பெயர் பலகையில் ஏறிய அன்று மாலை அத்தான் மாடிப்படியில் வழிமறித்து நின்றார்.

"என் கூரைக்குக் கீழ இருந்துக்கிட்டு எனக்கே குழி பறிக்கிறியா?"

"அது உங்க வேலைன்னு எனக்குத் தெரியாது அத்தான். இப்ப நீங்களே சொல்லிட்டீங்க."

"வாய் ரொம்ப நீளுது. அந்தப் பட்டியல்ல உன் பேரு எத்தன நாள் இருக்கும்னு பாக்குறேன்."

பத்தே நாளில் நோட்டீஸ் வந்தது. அவள் அந்த முகவரியில் வசிக்கவில்லை, பெயரை நீக்க வேண்டும் என்று வீட்டு உரிமையாளரான அத்தானே மனுக் கொடுத்திருந்தார். கீழே சாட்சிக் கையெழுத்து. முதல் எழுத்தின் வால் கொடிபோல் வளைந்து ஓடும் அந்தக் கையெழுத்தை உலகத்தில் ஒருத்திதான் போடுவாள்.

அக்கா. தான் காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம் இரவெல்லாம் நெற்றியில் ஈரத்துணி மாற்றிய அதே கை. மீட்டரக்கா அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு விளக்கைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கீழே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

விசாரணை நாளில் அதிகாரியின் மேசைக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அத்தானும் அக்காவும்.

"இவ எப்பவோ போயிட்டா சார். மாடி காலியாத்தான் கிடக்கு," என்றார் அத்தான், கண் இமைக்காமல்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அதிகாரி அவளைக் கேட்டார்.

அவள் பையிலிருந்து, அதேபோல விண்ணப்பித்து வாங்கிய மாடி மீட்டர் அட்டையின் முத்திரை நகலை எடுத்து வைத்தாள். நாலு வருடத்துக்கு முன், 'உன் தண்ணிய என் தலையில கட்டாத' என்று கத்தி, மாடிக்குத் தனி மீட்டர் போட வைத்தவர் இதே அத்தான்தான். சொந்த வீட்டு மீட்டரைத் தானே பார்க்கக் கூடாது என்பது அவள் அலுவலக விதி. அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வேறு ஊழியர் வந்து எண்ணை எழுதுவார். அவள் வேலையில் இருக்கிற நேரம், அக்காதான் கையெழுத்துப் போடுவாள்.

அதிகாரி அட்டையையும் மனுவையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார். அதே கொடி வால். கடைசிக் கையெழுத்து போன மாதம்தான்.

"காலி வீட்டுல யாரும்மா இவ்வளவு தண்ணி செலவு பண்ணாங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

அக்கா புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள்.

அவள் பெயர் நிலைத்தது. பச்சைக் கேட் வீட்டுக்கு ஆள் போய்ப் பார்த்து, பூட்டின் துருவைப் படம் எடுத்து வந்த பிறகு பதினோரு பெயர்களும் நீங்கின.

"மாடியக் காலி பண்ணு," என்றார் அத்தான் அன்றே.

"பண்றேன். ஓட்டுப் போட்ட மறுநாள்."

அதுவரை ஏழு வாரம், கீழ் வீட்டில் ஒருவரும் அவளோடு பேசவில்லை. மாடிக்குப் போகும் குழாயை யாரோ காலையில் மூடுவார்கள். அவள் இறங்கி வந்து திறந்துவிட்டுப் போவாள்.

ஓட்டுப் போட்ட மறுநாள் இரண்டு பெட்டிகளோடு இறங்கினாள். விரலில் மை காய்ந்திருந்தது. கடைசி எண்ணை எழுத வந்த ஊழியர் வழக்கம்போல அக்காவிடம் அட்டையை நீட்டினார். அக்கா தங்கையின் முகத்தைப் பார்க்காமலே வாலை வளைத்துக் கையெழுத்திட்டாள்.

"இனிமே நீ இங்க இல்லன்னு நான் எழுதினா, அது பொய்யில்ல," என்றாள்.

"ஆமாக்கா," என்று மீட்டரக்கா பெட்டியைத் தூக்கினாள். "இப்ப எழுதிக்கோ."