ஒரு சிவப்புக் கிளிப், இரண்டு விமானங்கள்

இன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, ஆலங்குடா கடற்கரையில் நானும் நண்பன் ரிஸ்வானும் எங்கள் மாதிரி விமானங்களை முதன்முறையாக ஒரே நேரத்தில் பறக்கவிட்டோம்.

எங்கள் பழைய ரிமோட்டுகள் இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. ஒருவன் பறக்கவிடும்போது மற்றவன் ரிமோட்டைப் போட்டால் விமானம் கடலில்தான் விழும். அதனால் உடுப்புக் காயப்போடும் சிவப்புக் கிளிப் ஒன்றை வைத்திருந்தோம். அது யாருடைய ரிமோட் ஏரியலில் இருக்கிறதோ அவனுடைய முறை. மற்றவன் மணலில் உட்கார்ந்து பார்ப்பான். பதினெட்டு வருடம் அப்படித்தான்.

இப்போது வாங்கிய புதிய ரிமோட்டுகளில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொன்றும் தன் விமானத்தோடு மட்டும்தான் பேசும்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, ரிஸ்வான் விமானத்தை இறக்கிவிட்டான்.

"என்ன மச்சான், பெட்டரி முடிஞ்சா?"

"இல்லடா. நான் குட்டிக்கரணம் அடிச்சத நீ பாத்தியா?"

"என்டதப் பாக்கவே கண் போதல்ல. ஒன்டத எப்படிப் பாக்குற?"

"அதான். நீ விடு, நான் பாக்குறேன்."

மணலில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து அந்தச் சிவப்புக் கிளிப்பை எடுத்து நீட்டினான்.

புது ரிமோட்டில் அதை மாட்ட நீள ஏரியல் இல்லை. என் சட்டைக் கொலரில் மாட்டிக்கொண்டேன்.

இனி, "அப்ப புதுசு எதுக்கு வாங்கின?" என்று வீட்டில் கேட்பார்கள். நல்ல பதில் இருந்தால், பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்குள் சொல்லுங்கள்.