கட் பண்ணினால் வருகிறேன் என்றாள்

பாப்பா, தம்பி, இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். போன வாரம் உங்கள் பெரியம்மா வந்திருந்தபோது, "உங்கப்பன் வான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா உங்கம்மா ஃபிளைட் ஏறியிருப்பா" என்று சொன்னது உங்கள் காதில் விழுந்துவிட்டது. அதிலிருந்து பாப்பா என்னோடு சரியாகப் பேசவில்லை. தம்பி நேராகவே கேட்டுவிட்டான்: "நீ ஏம்ப்பா சொல்லல?" அப்போது ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். நான் பத்தாவதோடு நின்றவன், எழுத்தும் பெரிதாக வராது. ஆனால் எழுதும்போது வேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டு அப்புறம் தொடரலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் சொன்னேன். அது போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று எனக்குப் புரிந்த அளவுக்கு உங்களுக்குச் சொல்கிறேன்.

அம்மா வளைகுடாவில் ஆஸ்பத்திரி துப்புரவு வேலைக்குப் போய் முதல் ஒப்பந்தம் முடிகிற சமயம் அது. அந்த நாட்டில் வாட்ஸ்அப்பில் எழுதலாம், குரல் பதிந்து அனுப்பலாம். நேராகப் பேசுவதை மட்டும் அடைத்து வைத்திருக்கிறார்கள். திரும்பி வருவதா, இன்னும் இரண்டு வருஷம் இருப்பதா என்று நாங்கள் மாற்றி மாற்றிக் குரல் பதிந்து ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். ஒரகடத்தில் கம்பெனி என் காண்ட்ராக்ட்டை நீட்டித்தால் அவள் வந்துவிடுவது. என்னை நிறுத்திவிட்டால் அவள் அங்கேயே இருப்பது. கம்பெனியின் பதிலுக்காக இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம்.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் தரை துடைக்கிற வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. அவளோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் அக்காதான் எனக்குச் செய்தி அனுப்பினார்: "அவங்க போன் போயிடுச்சு அண்ணா. கடைல இருந்து கூப்பிடுவாங்க." அங்கே தொழிலாளிகள் தங்கும் இடத்துக்குப் பக்கத்தில், இன்டர்நெட் வழியாக ஊருக்குப் பேசுவதற்குச் சின்னச் சின்னக் கூண்டு போட்ட கடைகள் உண்டாம்.

அன்றைக்கு எனக்கு இரண்டாவது ஷிப்ட். மத்தியானம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் கூப்பிட்டார். "உன் பேரு வந்துட்சிப்பா. இன்னும் ஒரு வருஷம் ஓட்டு" என்றார். உடனே அந்த அக்காவுக்குச் செய்தி அடிக்க ஆரம்பித்தேன். பாதி அடிக்கும்போதே போன் மணி அடித்தது. தெரியாத நம்பர், நம் நாட்டு நம்பர்தான். லோன் வேணுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று நினைத்துத்தான் எடுத்தேன்.

"இன்னாங்க, நான்தான். கேக்குதா?"

"கேக்குது, சொல்லு."

"ஹலோ. இன்னாங்க. பேசுங்களேன்."

"பேசிக்கினுதான் கீறேன். காண்ட்ராக்ட் போட்டுட்டாங்க. நீ வந்துடு."

"ஒண்ணுமே கேக்கலியே" என்று அவள் கடைக்காரரிடம் சொல்வதும் எனக்குக் கேட்டது. பின்னால் யாரோ இருமுவதுகூடக் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல அவ்வளவு சுத்தமாக இருந்தது. நான் வந்துடு, வந்துடு என்று கத்தினேன். ரோட்டில் லாரி சத்தம் என்று டீக்கடைக்குள் புகுந்து கத்தினேன்.

டீ மாஸ்டர் பாய்லர் பக்கத்திலிருந்து திரும்பிப் பார்த்தார். "இன்னா தலைவா, போனே வேணாம் போல கீதே. நீ கத்துற கத்துக்கு நேராவே அந்த ஊருக்குப் போயிடும்." கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அம்மா இன்னும் இரண்டு தரம் ஹலோ சொல்லிப் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"நீங்க கேட்டுக்கினு கீறீங்கன்னு நெனச்சிப் பேசறேன். இன்னிக்கே கையெழுத்து கேக்கறாங்க. வேன் வந்து நிக்குது, அதுல போய்ப் போட்டாவணும். நம்ம மிஸ்டு கால் மாதிரி வெச்சிக்கலாம். நான் வரணும்னா இப்பவே கட் பண்ணிடுங்க. இங்க ஸ்கிரீன்ல செகண்ட் ஓடுது, நீங்க கட் பண்ணா நின்னுடும். நான் புரிஞ்சிக்கறேன். இருக்கணும்னா அப்படியே வெச்சிக்கினு இருங்க."

இது எங்களுடைய பழைய பழக்கம். நீங்கள் கைக்குழந்தைகளாக இருந்தபோது, ஒரு ரிங் விட்டு கட் பண்ணினால் நான் பஸ் ஏறிவிட்டேன் என்று அர்த்தம். இரண்டு ரிங் என்றால் ஓவர்டைம், சோறு வடிக்க வேண்டாம். மூன்று ரிங் அடித்தால் அவள் எடுக்க வேண்டும், ஏதோ அவசரம். பேசாமலே பேசிக் குடும்பம் நடத்தியவர்கள் நாங்கள். அதனால் அவள் சொன்னது எனக்கு விளையாட்டாகவே படவில்லை. சரியான யோசனை என்றுதான் தோன்றியது.

கட் பண்ணினேன்.

சிவப்பை அழுத்தியதும் மனசு லேசாகிவிட்டது. டீ சொன்னேன். ஆனாலும் ஒரு சந்தேகம் உறுத்தியது. அந்த நம்பருக்கே திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தேன். தெற்கத்திப் பேச்சில் ஒரு பெண் எடுத்தார்.

"இப்ப என் வூட்டுக்காரி இந்த நம்பர்லேருந்து பேசினாங்க" என்றேன்.

"நீங்களுமா? காலைலேருந்து இதே பாடால்லா இருக்கு. ஒருத்தரு மவன் பேசுனாங்காரு, இன்னொருத்தரு மாப்பிள பேசுனாருங்காரு. நான் இங்க தூத்துக்குடில மாவரைச்சிக்கிட்டு இருக்கேன், அண்ணாச்சி. ஒங்க வீட்டம்மாவ நான் எங்க போய்த் தேட?"

மன்னிப்புக் கேட்டு வைத்தேன். அக்காவுக்கு அரைகுறையாக நின்ற செய்தியை முடித்து அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்தது. அவர் டியூட்டியில் இருந்தார், போன் அணைத்திருந்தது. அதற்குள் என் பஸ்ஸும் வந்துவிட்டது. எங்கள் கம்பெனியிலும் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கொடுத்துவிட்டு லைனில் போய் நின்றேன். அம்மா வருகிறாள் என்றே நினைத்துக்கொண்டு அன்று முழுக்க வேலை செய்தேன். உங்கள் இரண்டு பேரிடமும் இதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

ஷிப்ட் முடிந்து போனைத் திரும்ப வாங்கியபோது அக்காவின் பதில் இருந்தது. "இப்பதான் பாக்கிறேன் அண்ணா. அவங்க கையெழுத்து போட்டுட்டாங்க. நீங்க இருக்கச் சொன்னீங்கன்னு சொன்னாங்களே."

அக்கா மூலமாக விஷயம் தெரிந்து அம்மா மறுபடி ஆபீஸில் போய்க் கேட்டாள். தாள் மேலே போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சில நாள் கழித்து வேறு போன் வாங்கிக் குரல் அனுப்பினாள். அதில் கோபமே இல்லை. "நீங்க கட் பண்ணவேயில்லங்க. செகண்ட் ஓடிக்கினே இருந்துச்சு. வேன்காரர் ஹாரன் அடிச்சிக்கினே கீறாரு, நான் ஸ்கிரீனையே பாத்துக்கினு நின்னேன். நீங்க யோசிச்சிதான் சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

அந்தக் கடைசி வரியைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை.

கஸ்டமர் கேருக்குக் கூப்பிட்டேன். எடுத்த பெண் மரியாதையாகத்தான் பேசினார். "சார், அன்னைக்கு உங்க நம்பருக்கு வெளிநாட்டு அழைப்பு எதுவுமே வரலையே. லோக்கல் கால் ஒண்ணுதான் காட்டுது. நீங்க கட் பண்ணதும் முடிஞ்சிருக்கு" என்றார். அம்மா அந்தக் கடைக்காரரைக் கேட்டதற்கு, எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கமும் சரி. நடுவில்தான் என் பேச்சு காணாமல் போயிருக்கிறது.

நம் மாடி அறையில் வாடகைக்கு இருக்கிற திருநெல்வேலி அண்ணனை உங்களுக்குத் தெரியும், இன்டர்நெட் கேபிள் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி, அந்தக் கடைக்காரன் ஒங்களுக்கு நேரா கம்பி இழுத்தா விட்டுருக்கான்? பேச்சத் துண்டு துண்டா நறுக்கி இன்டர்நெட்ல அனுப்புவான். இந்தியாவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கேன்னு ஒரு கம்பெனி வாங்கும். அது இன்னும் மலிவா ஒருத்தன்ட்ட தள்ளிவிடும். அவன் அடுத்தவன்ட்ட. வெளிநாட்டுக் கால்னு முறையா உள்ள விட்டா இங்க கட்டணம் உண்டு. அதனால கடைசியில உள்ளவன் ஏதாவது ஒரு ஊரு நம்பர ஒட்டி லோக்கல் கால் மாதிரி உள்ள விட்டுருவான். அதுதான் தூத்துக்குடி."

"அவ பேசினது எனக்குக் கேட்டுச்சே. நான் பேசினது மட்டும் ஏன் போகல?"

"போற பேச்சு வேற, வர்ற பேச்சு வேறல்லா. ரெண்டும் தனித்தனியா வழி தேடித்தான் போவும். ஒரு வழி அடைச்சிட்டுன்னா ஒருத்தர் மட்டும் பேசிக்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

"நான் கட் பண்ணேனே."

"கட் பண்ணுததும் ஒரு தகவல்தான் அண்ணாச்சி. வந்த கையெல்லாம் திரும்பத் தாண்டி அங்க போவணும். நடுவுல ஒருத்தன் தவற விட்டுருப்பான். இல்லாட்டி, ஓடுற வரைக்கும் அவனுக்கு வரும்படிதான, வேணும்னே பிடிச்சு வச்சிருப்பான்."

"யாரு அது?"

"யாருன்னு கேக்க? ஒவ்வொருத்தனும் பக்கத்துல உள்ளவனக் கை காட்டுவான். அந்தப் பக்கத்துல உள்ளவனுக்கு ஒங்க பேரும் தெரியாது, ஊரும் தெரியாது."

அவ்வளவுதான். கோபப்படுவதற்கு எனக்கு ஒரு முகம்கூடக் கிடைக்கவில்லை. கடைக்காரரைத் திட்ட முடியாது, தூத்துக்குடி அம்மாவைத் திட்ட முடியாது. போனைத் தூக்கிப் போட்டால் நாளைக்கு அவள் எதில் கூப்பிடுவாள்? பெரியம்மா சொன்னதற்கும் நான் மறுப்புச் சொல்லவில்லை. கட் பண்ணினேன், ஆனால் அங்கே கட் ஆகவில்லை என்று சொன்னால், சாக்குச் சொல்லக்கூடத் தெரியவில்லை பார் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாக இருக்கிறது. உங்கள் அம்மா வர நினைத்தாள். நான் வரச் சொன்னேன். இந்த இரண்டையும் நீங்கள் நம்ப வேண்டும்.

மாடி அண்ணனிடம் பேசியதற்கு அப்புறம் வந்த வார லீவில், மீன் வாங்கிவருகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு வண்டியில் செம்பரம்பாக்கம் போனேன். ஏரிக்கரையில் ஆள் இல்லாத பக்கமாக ஏறி நின்று, போனில் என் குரலைப் பதிந்தேன். "கேக்குது. நீ வந்துடு." காதில் வைத்துப் போட்டுப் பார்த்தேன். காற்றுச் சத்தத்துக்கு நடுவில் என் குரல் நன்றாகவே கேட்டது. இன்னொரு தரம் கேட்டேன். பிறகு அதை யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிட்டேன்.